அயலார் நாவில் நகைச்சுவை



தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றுதற்குரிய காரணங்கள் நான்கு என ஆசிரியர் வகுத்திருக்கிறார். எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை என்பன அவை. இது தமிழ் கற்றோர் யாவரும் அறிந்த செய்தி. அவ்விடத்தில் உரையாசிரியர் இளம்பூரணர் எடுத்துக்காட்டும் மேற்கோள் ஒன்று அவ்வளவாக அறியப்படுவதில்லை. அது செயிற்றியம் என்ற பழைய நாடக நூலைச் சேர்ந்தது. சிரிப்பு எங்கெங்கே பிறக்கும் என்று அந்நூல் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பித்தர் பிதற்றல் அதில் உண்டு. குழந்தையின் மழலை உண்டு. கல்லாதவர் கற்றவர்போல் பேசும் பேச்சும் உண்டு. முடவர் நடையும் கூனர் தோற்றமும்கூட இடம் பெற்றுள்ளன. அவற்றைக் கண்டு சிரிக்க இன்று நாம் நாணுவோம். இவற்றினிடையே, ஆரியர் பேசும் தமிழும் சிரிப்புக்கு இடமாகும் என்று அப்பட்டியல் கூறுகிறது.

வேற்று நாட்டார் நம் மொழியைப் பேசக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும் என்பதை இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டு எழுதி வைத்துவிட்டார். கல்லூரியில் இதனைப் படித்த நாளில் நானும் நண்பர்களும் வாய்விட்டுச் சிரித்தோம். புனே நகரின் வானவடியில் குடியேறிய பின்னர் அப்பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், பட்டியலில் நான் இடம் மாறிவிட்டேன். இங்கே நான்தான் அந்த ஆரியன்; என் மராத்திதான் அந்தத் தமிழ்.

மராத்தி மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் பால் வேறுபாடு உண்டு. நாற்காலி பெண், தேநீர் ஆண், தண்ணீர் இரண்டுமன்று. உயர்திணை, அஃறிணை என்று பழகிய நம் நாவுக்கு இது பெருந்தொல்லை. நான் இவ்வூருக்கு வந்த புதிதில், அலுவலகத்தில் ஒரு நாள் தேநீர் கொண்டு வருபவரைக் கண்டதும், “சஹா ஆலா” என்று சொல்ல வேண்டியவன் “சஹா ஆலீ” என்று சொல்லிவிட்டேன். அஃதாவது, “தேநீர் வந்தாள்” என்றேன். அறை முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பில் பகை ஏதுமில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் உரக்கச் சிரித்திருப்பேன். எனினும், அதன்பின் பதினோர் ஆண்டுகள் பொது இடத்தில் நான் மராத்தி பேசவில்லை. இந்தியிலும் ஆங்கிலத்திலுமே காலம் தள்ளினேன். எங்கள் குடியிருப்பில் ஒரு கோடைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கூட்டம் நடந்தது. எங்கள் பகுதி வீடுகளுக்கு மாலையில் நீர் வராதிருந்ததன் காரணத்தை நான் அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் குடத்தைச் சுமந்தது என் மனைவி.

ஆகவேதான், தம் மொழியல்லாத மொழியில், அதுவும் சிரிக்க வைப்பதற்கென்றே, தாமாக விரும்பி மேடையேறுகிற மனிதர்களைப் பற்றி அறிந்தபோது வியப்படைந்தேன். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒருவர் ஒலிவாங்கி ஒன்றுடன் தனியே நின்று பேசி மக்களைச் சிரிக்க வைக்கும் கலையை ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ என்கிறார்கள். நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். ‘நின்று’ என்பதைச் சேர்த்து மொழிபெயர்த்தால் பேருந்தில் இடம் கிடைக்காதவர் நினைவே வருகிறது; ஆதலால் ‘தனிமேடை நகைச்சுவை’ என்றே வழங்குகிறேன். சீனர்கள் இதில் நம்மினும் வல்லவர்கள். ‘டாக் ஷோ’ என்ற ஆங்கில ஒலியையே ‘துவோ கோ ஷியோ’ என்று தம் எழுத்துகளில் எழுதிக்கொண்டார்கள். முதலிரண்டு எழுத்துகளுக்கும் வாயிலிருந்து நழுவி வருவது என்று பொருள் அமைந்துவிட்டது. ஒலியும் நின்றது, பொருளும் வந்தது. இப்படியொரு சொல் கிடைத்தால் எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வழங்குவோம். ஹாங்காங்கில் வழங்கும் காண்டனீசு மொழியிலோ அதன் பெயர் நட்டமாக நின்று சிரிக்க வைப்பது என்னும் பொருளுடையது. கனடாவில் தத்துவம் பயின்று திரும்பிய டயோ வோங் என்பவர் 1990ஆம் ஆண்டில் அப்பெயருடன் இக்கலையை அங்கே தொடங்கினார்.

சீனாவுக்குத் தனிமேடை நகைச்சுவை புதியதேயொழிய, மேடை நகைச்சுவை புதியதன்று. ‘சியாங்ஷெங்’ என்ற அவர்களது பழங்கலை மஞ்சு அரசர் காலத்துப் பெய்ஜிங் நகரின் தெருக்களில் வளர்ந்தது. பெரும்பாலும் இருவர் நின்று உரையாடுவர். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர் “அப்படியா”, “ஆமாம்”, “பிறகு?” என்று இடையிடையே தாங்குவார். நம் வில்லுப்பாட்டில் புலவர் ஒரு செய்தியைச் சொல்ல, அருகிலிருப்பவர் ‘ஆமா’ போடுகிறாரல்லவா, அது போன்றதே. ஆமாம் போடுவது எளிய வேலையென்று எண்ணுவோர் ஒரு முறை போட்டுப் பார்க்கவேண்டும்.

இக்கலையின் பேராசான் ஹோ பாவோலின். 1917இல் பிறந்து 1993இல் மறைந்தவர். அவருடைய புகழ்பெற்ற காட்சியொன்றில் இரண்டு குடிகாரர்கள் வருகிறார்கள். ஒருவன் மின்விளக்கை வானை நோக்கி அடித்து, அந்த ஒளிக்கம்பத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுமாறு மற்றவனிடம் சொல்கிறான். மற்றவன் மறுக்கிறான். பாதி ஏறியதும் நீ விளக்கை அணைத்துவிடுவாய், நான் விழுந்துவிடுவேன் என்பது அவன் கூறும் காரணம். இந்நகைச்சுவை எம்மொழியிலும் பிழைத்துக்கொள்ளும். அவருடைய இன்னொரு காட்சியோ வேறுவகையானது. பெய்ஜிங்காரர் ஒருவர் ஷாங்காயில் முடிதிருத்தும் கடைக்குச் செல்கிறார். தலையைக் கழுவட்டுமா என்று கடைக்காரர் அவ்வூர் வழக்கில் கேட்கிறார். ஷாங்காயில் கழுவுதலைக் குறிக்கும் சொல், பெய்ஜிங்காரர் செவிக்கு அடித்தல் என்று கேட்கிறது. தலைமுடியை வெட்டிக்கொள்ள வந்த இடத்தில் தலையில் அடியா என்று அவர் நடுங்குகிறார். இதை மொழிபெயர்த்தால் விளக்கம்தான் மிஞ்சும், சிரிப்பு மிஞ்சாது. ஆனால் இதன் உட்பொருளை அறிய எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. புனேக்கு வந்த முதல் மாதம் ஒரு மராத்தி நண்பர் “போளி பாஜி” உண்ண அழைத்தார். பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்த நம் போளியை எண்ணிக் காலையிலிருந்து அரை வயிற்றுடன் சென்றேன். இலையில் விழுந்தது கோதுமைச் சப்பாத்தி. இங்கே போளி என்றால் அதுதான். இனிப்பு வேண்டுமென்றால் ‘பூரண்’ போளி என்று அடைமொழி சேர்த்துக் கேட்கவேண்டும். நம் போளியே தஞ்சை மராட்டியர் வழியாக வந்தது என்பர். அவர்களிடம் கடன் வாங்கிய சொல்லை அவர்கள் வீட்டிலேயே தவறாக உண்ணச் சென்றேன்!

இனி அயலாரிடம் வருவோம். மார்க் ரோஸ்வெல் என்பவர் கனடா நாட்டினர்; 1965இல் ஆட்டவாவில் பிறந்தவர். 1988ஆம் ஆண்டில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்திற்கு மொழி பயில வந்தார். அவ்வாண்டின் இறுதியில் சீனத் தொலைக்காட்சியில் ஒரு சிறு நாடகத்தில் தோன்றினார். பொன்னிற முடியுடைய அந்த வெள்ளையருக்கு அதில் அயல்நாட்டார் வேடமன்று. ஷு தாஷான் என்ற பெயருடைய, நாட்டுப்புறத்தார் வைத்துக்கொள்ளும் பெயருடைய, ஒரு சாதாரணச் சீனராகத் தோன்றி, பெய்ஜிங் தெருப் பேச்சைத் தட்டின்றிப் பேசினார். நாடு சிரித்து மகிழ்ந்தது. ‘பெருமலை’ என்று பொருள்படும் தாஷான் என்பதே அன்று முதல் அவர் பெயராயிற்று. மறு ஆண்டில் சியாங்ஷெங் கலைஞரான ஜியாங் குன் அவரை முறைப்படி சீடராக ஏற்றார். குருபரம்பரையைப் பெரிதும் போற்றும் அக்கலையில் அயல்நாட்டார் ஒருவர் அவ்வாறு ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. ஹோ பாவோலினின் சீடர் திங் குவாங்ச்சுவான் என்பவரோ 2018இல் மறையும் வரையில் பல நாட்டு மாணவர்களுக்குக் கட்டணமின்றி இக்கலையைக் கற்பித்து வந்தார். அவரிடம் பயின்ற அமெரிக்கர் ஜெஸ்ஸி அப்பெல் பின்னர் சீனமொழியில் தனிமேடையும் ஏறினார்.

தாஷானைப் பற்றிய ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். சீனம் கற்கும் அயல்நாட்டார் பலருக்கு அவர் பெயரைக் கேட்டாலே கசக்கும். பாடுபட்டு இவர்கள் நான்கு வாக்கியம் பேசினால், கேட்ட சீனர் முகமலர்ந்து, “ஆயினும் தாஷான் போல் வருமா?” என்பாராம். அண்டை வீட்டு மாணவனின் மதிப்பெண்ணைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இத்துன்பம் புரியாததன்று.

இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றவர் ஜோ வோங். ஹுவாங் ஷி என்பது அவருடைய சீனப் பெயர். ஜிலின் மாநிலத்தில் பிறந்து, 1994இல் அமெரிக்கா சென்று, ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பகலில் ஆய்வுக்கூடத்திலும் இரவில் பாஸ்டன் நகரின் மேடைகளிலும் பணியாற்றினார். 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் டேவிட் லெட்டர்மன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியும் ஒடுங்கிய உருவமுமாக வந்து நின்று, சீனர் உச்சரிப்பு சிறிதும் மறையாத ஆங்கிலத்தில், தாம் ஓர் ஐரிஷ்காரர் என்று தொடங்கினார். அரங்கம் அதிர்ந்தது. மறு ஆண்டு வாஷிங்டனில் வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் நடத்திய விருந்தில், அப்போது துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஜோ பைடன் முன்னிலையில் அவரைக் கேலி செய்து பேசினார். 2013இல் சீனாவுக்குத் திரும்பினார்.

ஐரிஷ்காரர் என்று ஏன் தொடங்கினார்? மேடையில் அவர் வாய் திறந்த அளவிலேயே கேட்போர் உள்ளத்தில் செயிற்றியம் சொல்லும் சிரிப்பு எழுந்துவிடும். அதை அவர் மறைக்கவில்லை, மாற்றிக்கொள்ளவும் முயலவில்லை. தாமே முன்வந்து எடுத்துக்கொண்டார். எள்ளல் இருவகைப்படும் என்று நம் உரையாசிரியர்கள் கூறுவர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. இரண்டாவதை எப்படிச் சிரிப்பென்று கொள்வது என்று நான் நெடுநாள் ஐயுற்றதுண்டு. ஜோ வோங்கைக் கண்ட பின்னர் ஐயம் நீங்கிற்று.

ஆனால் உச்சரிப்பினால் வரும் சிரிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் தாங்காது. இது என் சொந்தக் கருத்து. வெள்ளையர் சீனம் பேசுகிறார், சீனர் ஆங்கிலம் பேசுகிறார் என்ற வியப்புத் தீர்ந்தபின் ஆறாவது நிமிடத்தில் சொல்வதற்கு ஏதேனும் இருக்கவேண்டும். ஹாங்காங்கில் பிறந்த இந்தியரான விவேக் மஹ்பூபானியை இங்கே குறிப்பிடலாம். அவர் அவ்வூர்ப் பள்ளியில் சீனமொழியிலேயே படித்தவர். நியூயார்க்கிலிருந்து வந்த சீன வழியினரான ஜாமி கோங் 2007இல் ஹாங்காங்கில் ஒரு நகைச்சுவை மன்றத்தைத் தொடங்கினார். அவ்வாண்டில் ஹாங்காங்கின் மிகச் சிறந்த நகைச்சுவையாளர் என்ற பட்டத்தை விவேக் சீனமொழியில் வென்றார்; மறு ஆண்டு அதே பட்டத்தை ஆங்கிலத்திலும் வென்றார். இந்திய முகத்திலிருந்து காண்டனீசு வருவதைக் கண்டு கூட்டம் முதலில் சிரிக்கிறது. பின்னர், இந்திய முகத்தைக் கண்டால் தாங்கள் வழக்கமாக எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவர் சொல்லக் கேட்டுத் தங்களைப் பார்த்தே சிரிக்கிறது. இவ்விரண்டாவது சிரிப்புக்காகத்தான் அவர் மேடையேறுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அயல்நாட்டார் மதுக்கூடங்களில் தங்களுக்குள் ஆங்கிலத்தில் நடத்திவந்த நகைச்சுவை இரவுகளுக்குச் சீன இளைஞரும் வந்தனர், கேட்டனர், பின் தம் மொழியில் தாமே மேடையேறினர். மும்பையிலும் ஏறக்குறைய இவ்வாறே நடந்தது. இலண்டன் ‘காமெடி ஸ்டோர்’ 2010ஆம் ஆண்டில் லோயர் பரேலில் ஓர் அரங்கு திறந்து பிரிட்டிஷ் கலைஞர்களைக் கொண்டுவந்தது. அவர்களுடன் மேடையேறிய நம்மவர்கள் தழைத்தார்கள். ஆங்கிலத்தில் தொடங்கியது இந்திக்கு வந்தது, தமிழுக்கும் வந்தது. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து திரும்பிய அலெக்சாண்டர் பாபு பாட்டும் பேச்சுமாக நிகழ்த்தும் தமிழ் நிகழ்ச்சியை 2019 முதல் இணையத்தில் பலர் கண்டு களித்துள்ளனர்.

சீனாவில் இக்கலை மிக விரைவாகப் பரவியது. 2017இல் தொடங்கிய இணையக் காட்சிகள் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. நடிக நடிகையரை விடப் பேச்சாளர்களே இளைஞர் நாவில் புழங்கினர். பிறகு 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நிகழ்ச்சி. லி ஹாவோஷி என்ற கலைஞர் பெய்ஜிங் மேடையில், தாம் எடுத்து வளர்க்கும் இரண்டு தெருநாய்கள் ஓர் அணிலைத் துரத்திய விறுவிறுப்பைச் சொல்லி, சீனப் படையைப் புகழ வழங்கும் ஒரு தொடரை அவற்றுக்குப் பொருத்தினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் அதை இணையத்தில் குறை கூறி எழுதினார். சில நாள்களுக்குள் அவரைப் பணியமர்த்திய நிறுவனத்தின்மீது 1 கோடியே 33 லட்சத்து 50 ஆயிரம் யுவான் தண்டம் விழுந்தது; மேலும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட வருவாய் பறிமுதல் செய்யப்பட்டது. அக்கலைஞரின் மேடை வாழ்வு அத்துடன் நின்றது. வேறு பல மேடைகளும் இருண்டன. 2024இல் இணையக் காட்சிகள் மீண்டும் தொடங்கின. பேசுவோர் சொற்களை எடைபோட்டுப் பேசுகிறார்கள்.

நம் நாட்டிலும் மேடையில் சொன்ன நகைச்சுவை காவல் நிலையம் வரை சென்றதுண்டு. அதனை நேயர்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு தொடரை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைப்பதுதான் என் தொழில். லி ஹாவோஷி செய்ததும் அதுவே. நான் பிழை செய்தால் திருத்தப் பட்டியல் ஒன்று வெளியிடுவார்கள்.

அயலார் நாவினால் நாம் இழந்தது ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் ஒருவரே நின்று கதை சொல்லி, பாடி, இடையிடையே சிரிக்க வைக்கும் கதாகாலட்சேபம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராமச்சந்திர மோர்காவ்கர் என்ற மராத்தியக் கீர்த்தனகாரர் தஞ்சைக்கு வந்து நிகழ்த்தினார். அவர் பெயரே புனேக்கு அருகிலுள்ள மோர்காவ் என்ற கணபதித் தலத்தைச் சுட்டுகிறது. அவருடைய முறையைக் கேட்டு, தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்க் கதாகாலட்சேபத்திற்கு வடிவம் தந்தார். அந்த வடிவத்தையே கேலியாக மாற்றி, நந்தனார் கதைக்குப் பதில் கிந்தனார் கதையைச் சொல்லி, 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கல்வியின் பெருமையை நாட்டுக்கு உணர்த்தினார். கீர்த்தனம் தஞ்சைக்கு வந்த நாளில், மோர்காவ்கரின் உச்சரிப்பைக் கேட்டு யாரேனும் சிரித்துத்தான் இருப்பார்கள்.

நான் வாழும் இந்நகருக்கும் இக்கலையில் தனி உரிமை உண்டு. மராத்தியர் ‘பு. ல.’ என்று அன்புடன் சுட்டும் புருஷோத்தம லட்சுமண தேஷ்பாண்டே 1919இல் பிறந்து 2000இல் இதே புனேயில் மறைந்தவர், வானொலியிலும் பணியாற்றியவர். மும்பைக் குடியிருப்பு ஒன்றைப் பற்றித் தாம் எழுதிய ‘படாட்யாசீ சாள்’ என்ற நூலை 1961 முதல் தனியொருவராக மேடையில் நிகழ்த்தினார். அக்குடியிருப்பில் வாழ்வோர் அத்தனை பேரும் அவர் ஒருவரே. தனிமேடை என்ற பெயர் நம்மிடையே வழங்காத காலம் அது. மும்பைக்காரர், புனேக்காரர், நாக்பூர்க்காரர் ஆகியோரை அவர் கேலி செய்த கட்டுரையை மிகுதியாகப் போற்றிப் படிப்பவர்கள் புனேக்காரர்களே. அவர் பெயரில் சிங்ககட் சாலையில் ஒரு பூங்காவும் வைத்திருக்கிறார்கள்.

மகாத்ஜி ஷிந்தேயின் நினைவு மண்டபம் இருக்கும் எங்கள் வானவடியில், படைப்பிரிவுகளுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பணிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கணேசர் திருவிழாவில் குடியிருப்பினர் மேடையில் ஏதேனும் செய்துகாட்டுவது வழக்கம். சென்ற ஆண்டு என்னைக் கேளாமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள் என் மகள். இவ்வூரிலேயே பிறந்தவள், நான் மராத்தி பேசினால் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொள்பவள். ஜோ வோங்கை எனக்குக் காட்டியவளும் அவளே.

ஐந்து நிமிடம் மராத்தியில் பேசினேன். தேநீரைப் பெண்ணாக்கிய கதையையும், போளிக்காக அரைப்பட்டினி கிடந்த கதையையும் சொன்னேன். ஐந்தாவது நிமிடத்தில், அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்; முன்வரிசையில் இருந்த குடியிருப்புச் செயலாளர் மட்டும் சற்றுத் தாமதித்துச் சிரித்தார். கீழே இறங்கியதும், எண்பது வயதுக்கு மேற்பட்ட அண்டை வீட்டு ஆஜி என்னை அருகில் அழைத்து, உரையில் இன்னும் நான்கிடத்தில் பால் பிழைத்தேன் என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். பிறகு தட்டில் கோப்பைகள் வருவதைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தி அனைவரும் கேட்கச் சொன்னார்: “சஹா ஆலீ!”